வழிவிடத் தெரிந்த பாலம்

1876 ஜூலை 17. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில் நகரில், டைன் ஆற்றின் மீது கட்டப்பட்டிருந்த புதிய பாலம் அன்று ஒரு கப்பலுக்கு வழிவிட்டுத் திரும்பி நின்றது. வந்தது 'யூரோப்பா' என்ற இத்தாலியக் கப்பல். ஆற்றின் மேற்பகுதியில் எல்ஸ்விக் என்ற இடத்தில் இருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 100 டன் எடையுள்ள ஒரு பீரங்கி அதற்காகக் காத்திருந்தது. இத்தாலியக் கடற்படையின் 'டுயிலியோ' போர்க்கப்பலுக்காக வார்க்கப்பட்ட பீரங்கி. பாலத்தின் இயந்திரங்களைச் செய்ததும் அதே தொழிற்சாலைதான்.

அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூன் 15 அன்று, வண்டிகளும் மனிதர்களும் பாலத்தின் மீது போகத் தொடங்கிவிட்டார்கள். சாலைக்கு ஒரு நாள், ஆற்றுக்கு ஒரு நாள் என்று ஒரே பாலம் இரண்டு முறை திறக்கப்பட்டது. இரண்டு எஜமானர்களுக்கு ஊழியம் செய்யப் பிறந்த பாலத்துக்கு அது பொருத்தம்தான்.

இது சுழல் பாலம். திறக்கும் பாலம் என்றதும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது பாம்பன். 1914-ல் திறக்கப்பட்ட அந்தப் பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழுந்து வழிவிட்டுவந்தது. நியூகாசில் பாலம் எழுவதில்லை. ஆற்றின் நடுவே உள்ள ஒரு தூணை அச்சாகக் கொண்டு, கடிகார முள் போலப் பக்கவாட்டில் திரும்புகிறது. திரும்பும் பகுதியின் நீளம் 281 அடி. எடை ஆயிரம் டன்னுக்கு மேல். கரைக்குக் கரை கிடந்த பாலம் கால் வட்டம் திரும்பி ஆற்றோட்டத்தின் திசையிலேயே நீளவாக்கில் நின்றுகொள்ளும். அச்சுக்கு இருபுறமும் சுமார் 100 அடி அகலத்தில் இரண்டு வழிகள் திறக்கும். ஒன்றில் கப்பல் மேலே போகலாம், மற்றொன்றில் கீழே வரலாம்.

இந்த அமைப்பில் ஒரு சாமர்த்தியம் உண்டு. அச்சின் இருபக்கமும் சம எடை என்பதால் தராசுத் தட்டுகள் போல ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்கின்றன. தூக்குப் பாலங்களுக்குத் தேவைப்படும் எதிர் எடைகள் இதற்கு வேண்டாம். கப்பலின் பாய்மரம் எத்தனை உயரமாக இருந்தாலும் கவலை இல்லை, தலைக்கு மேல் வானம்தான். இதற்கு விலையும் உண்டு. ஆற்றின் நட்டநடுவே ஒரு பெரிய தூண் இடத்தை அடைத்துக்கொள்கிறது. திரும்பி நிற்கும் பாலத்தைக் கப்பல்கள் மோதிவிடாமல் இருக்க, தூணிலிருந்து இருபுறமும் ஆற்றோடு நீண்ட மரத்தாலான துறைமேடை ஒன்றையும் கட்டிப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

பாலம் நிற்கும் இடம் பழமையானது. சுமார் கி.பி. 122-ல் ரோமானியப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் இங்கே ஒரு பாலம் கட்டப்பட்டது. அவரது குடும்பப் பெயரான ஏலியஸ் அந்தப் பாலத்துக்குச் சூட்டப்பட்டது. 'போன்ஸ் ஏலியஸ்', அதாவது ஏலியஸின் பாலம். ஊருக்கே அதுதான் பெயர். சுழல் பாலத்துக்காக ஆற்றைத் தோண்டியபோது 1875-ல் கடல் தெய்வமான நெப்டியூனுக்கு எழுப்பப்பட்ட பலிபீடக் கல் ஒன்று கிடைத்தது. 1903-ல் அதே இடத்தில் ஓஷியானஸ் என்ற தெய்வத்துக்கான மற்றொரு கல் கிடைத்தது. ரோமானியப் படையின் ஆறாவது லீஜன் வைத்த கற்கள் அவை. கடலலை வந்து தொடும் ஆற்றில் பாலம் கட்டியவர்கள் நீர்த் தெய்வங்களைச் சமாதானம் செய்துவிட்டுத்தான் வேலையை முடித்திருக்கிறார்கள். இரண்டு கற்களும் இன்று நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதே இடத்தில் கல் பாலம் எழுந்தது. அதன் மீது வீடுகள், கடைகள், கோபுரங்கள், ஒரு சிறு தேவாலயம்கூட இருந்தன. பாலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நியூகாசில் நகருக்கு, ஒரு பங்கு தென்கரையை ஆண்ட டர்ஹம் பிஷப்புக்கு. 1771 நவம்பர் 17 அன்று வந்த பெருவெள்ளம் அந்தப் பாலத்தை உடைத்தது. டைன் ஆற்றுப் பாலங்களில் கார்பிரிட்ஜ் என்ற ஊரின் பாலம் மட்டுமே தப்பியது. பிறகு 1781-ல் ஒன்பது வளைவுகள் கொண்ட புதிய கல் பாலம் வந்தது. லண்டனையும் எடின்பரோவையும் இணைத்த 'கிரேட் நார்த் ரோடு' என்ற நெடுஞ்சாலை இதன் வழியாகத்தான் ஆற்றைக் கடந்தது.

தரைவழிப் பயணிக்கு இந்தக் கல் பாலம் ஒரு வரம். ஆனால் கப்பலுக்கு அது ஒரு சுவர். தாழ்வான வளைவுகளுக்கு அடியில் சிறு படகுகள் மட்டுமே நுழைய முடியும். டைன் பள்ளத்தாக்கின் செல்வம் நிலக்கரி. பாலத்துக்கு மேலே தோண்டி எடுக்கப்பட்ட கரியை 'கீல்' எனப்படும் தட்டைப் படகுகளில் ஏற்றி, பாலத்தைக் கடந்து வந்து, கீழே நிற்கும் கப்பல்களுக்கு மாற்ற வேண்டும். இரட்டை வேலை, இரட்டைச் செலவு. ஆறும் ஒத்துழைக்கவில்லை. மணல் திட்டுகள், ஆழமின்மை. 1850-ல் டைன் மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1859-ல் ஜான் பிரான்சிஸ் யூர் அதன் பொறியாளர் ஆனார். ஆறு ஆழப்படுத்தப்பட்டது. நடுவில் இருந்த கிங்ஸ் மெடோஸ் என்ற தீவே தோண்டி எறியப்பட்டது. ஆற்றைத் தோண்டியாகிவிட்டது, பாலம் குறுக்கே நின்றால் என்ன பயன்? 1868-ல் கல் பாலம் அகற்றப்பட்டது.

உயரமான பாலம் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அது ஏற்கனவே இருந்தது. ராபர்ட் ஸ்டீபன்சன் வடிவமைத்து 1849-ல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த 'ஹை லெவல்' பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. மேல்தளத்தில் ரயில், கீழ்தளத்தில் சாலை. கப்பல்கள் அடியில் தாராளமாகப் போகலாம். ஆனால் நியூகாசிலின் கரைகள் செங்குத்தானவை. சந்தையும் கிடங்குகளும் படகுத்துறையும் ஆற்று மட்டத்தில், பள்ளத்தில் இருந்தன. பள்ளத்திலிருந்து சுமை வண்டியைக் குதிரைகள் மேட்டுக்கு இழுத்து, பாலத்தைக் கடந்து, மறுகரையில் மீண்டும் பள்ளத்துக்கு இறக்க வேண்டும். போதாததற்கு அந்தப் பாலத்தில் சுங்கம் வேறு. 1937 வரை அது வசூலிக்கப்பட்டது. ஆகவே தாழ்வான பாலம் வேண்டும், அது கப்பலையும் தடுக்கக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் சேர்த்துக் கிடைத்த விடைதான் சுழல் பாலம். 1873-ல் வேலை தொடங்கியது. செலவு சுமார் 2,40,000 பவுண்டு. கட்டிய காலத்தில் உலகின் மிகப் பெரிய சுழல் பாலம் அதுதான்.

இதே ஆண்டுகளில் இதே சிக்கலைச் சந்தித்த இன்னொரு நகரம் கல்கத்தா. ஹூக்ளியின் மேற்குக் கரையில் ஹவுரா ரயில் நிலையம், கிழக்குக் கரையில் தலைநகரம், நடுவே ஓயாத கப்பல் போக்குவரத்து. அங்கே பிராட்ஃபோர்ட் லெஸ்லி கண்ட விடை மிதவைப் பாலம். 1,528 அடி நீளம். 1874 அக்டோபர் 17 அன்று திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுவே 200 அடி நீளத்தைக் கழற்றி ஒதுக்கிவைப்பார்கள். அவ்வளவு நேரமும் கரைகளில் மாட்டு வண்டிகள் நிற்கும். 1906 வரை பகலில் மட்டுமே இப்படித் திறந்தார்கள்; பிறகு கடலோடும் பெரிய நீராவிக் கப்பல்கள் தவிர மற்றவற்றுக்கு இரவிலும் திறக்கத் தொடங்கினார்கள். 1943-ல் இன்றைய ஹவுரா பாலம் வந்து அந்தக் காத்திருப்புக்கு முடிவு கட்டியது. இந்த வகைப் பாலங்கள் எங்கே இருந்தாலும் அவற்றின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: யார் காத்திருப்பது?

நியூகாசில் பாலத்தைத் திருப்பியது தண்ணீர். அதன் பின்னால் இருந்தவர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். 1810-ல் அந்த ஊரிலேயே பிறந்தவர். படித்தது சட்டம், பார்த்தது வக்கீல் தொழில், மனம் போனது இயந்திரங்களில். மலைச் சரிவில் இறங்கும் நீரின் விசை ஒரு தண்ணீர்ச் சக்கரத்தைச் சுற்றியதைப் பார்த்து, இத்தனை விசையில் இத்தனை கொஞ்சம்தான் பயன்படுகிறதே என்று யோசித்தவர். குழாய் நீரின் அழுத்தத்தில் இயங்கும் பாரந்தூக்கியை 1846-ல் செய்து காட்டினார். மறு ஆண்டு எல்ஸ்விக்கில் தொழிற்சாலை தொடங்கினார்.

நீரழுத்தம் வேண்டுமானால் உயரம் வேண்டும். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த விஷயம் இது. கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-ல் இதற்காகவே 300 அடிக்கு மேல் உயரமான கோபுரம் கட்டினார்கள். ஆனால் எல்லா நிலமும் அத்தனை பெரிய கோபுரத்தைத் தாங்காது. ஆம்ஸ்ட்ராங் ஒரு மாற்று வழி கண்டார். செங்குத்தான உருளை ஒன்றில் நீரை அடைத்து, அதன் உந்துதண்டின் மேல் பல டன் எடையை ஏற்றிவைத்தார். பம்பு மெல்ல மெல்ல நீரை உள்ளே செலுத்த, எடை உயரும். வேண்டிய நேரத்தில் வால்வைத் திறந்தால், எடை கீழே இறங்கி நீரை முழு வேகத்தில் தள்ளும். சிறிய எஞ்சின் நிதானமாகச் சேர்த்துவைத்ததைப் பெரிய வேலை ஒன்று சில நிமிடங்களில் செலவழித்துக்கொள்ளலாம். உண்டியலில் சேர்த்த காசு போல, சேமித்துவைத்த விசை.

சுழல் பாலத்தில் இந்தச் சேமிப்பு உருளை பாலத்துக்கு அடியில், சுமார் 60 அடி ஆழமுள்ள கிணற்றுக்குள் இருக்கிறது. நீரழுத்தம் முதலில் அச்சின் நடுவே பாலத்தின் எடையில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்கிறது. மீதி எடை உருளைச் சக்கரங்கள் மீது. அதன் பிறகு நீர்விசை எஞ்சின்கள் பல்சக்கரங்களைச் சுற்ற, பாலம் திரும்புகிறது. பாலத்தின் நடுவே உச்சியில், கலங்கரை விளக்கின் தலையைப் போல ஒரு கண்ணாடிக் கூண்டு. இயக்குபவர் அதில் நின்றுகொண்டு பாலத்தோடு தானும் திரும்புவார். தொடக்கத்தில் பம்புகளை ஓட்டியது நீராவி. 1959-ல் மின்சார பம்புகள் வந்தன. ஆனால் பாலத்தைத் திருப்பும் இயந்திரம் ஆம்ஸ்ட்ராங் பொருத்திய அதே இயந்திரம்தான்.

பாலம் திறந்ததும் ஆற்றின் மேற்பகுதியில் வாழ்க்கை மாறியது. 1893-ல் தென்கரையில் டன்ஸ்டன் என்ற இடத்தில் நிலக்கரி ஏற்றுவதற்கான பிரம்மாண்டமான மரத் துறைமேடை அமைந்தது. 1920-களில் அங்கிருந்து வாரத்துக்கு 1,40,000 டன் கரி வரை கப்பலேறியது. அந்தக் கப்பல்கள் எல்லாம் சுழல் பாலத்தைக் கடந்துதான் போய்வர வேண்டும். 1924-ல் மட்டும் பாலம் சுமார் 6,000 முறை திரும்பியது. நாள் ஒன்றுக்குப் பதினாறு முறை. அத்தனை முறையும் நாட்டின் தலையாய நெடுஞ்சாலை ஒன்று நின்றது. குதிரை வண்டிகள் நின்றன. பிறகு மோட்டார் வண்டிகள் நின்றன. கரியும் கப்பலும் ஊருக்குச் சோறு போட்டதால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

கரி மட்டுமா போயிற்று? 1884-ல் பாலத்துக்கு மேலே எல்ஸ்விக்கில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் போர்க்கப்பல் தளம் திறந்தது. கப்பலும் பீரங்கியும் கவசத் தகடும் ஒரே இடத்தில் செய்து, முழுதாக ஆயுதம் பூட்டிக் கடலுக்கு அனுப்பக்கூடிய இடம். அங்கே 1887-ல் நீரில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'விக்டோரியா', 1893-ல் லெபனான் கரையருகே பயிற்சியின்போது தன் படையின் இன்னொரு கப்பலால் மோதப்பட்டு மூழ்கியது. 358 பேர் இறந்தார்கள்.

எல்ஸ்விக்கின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜப்பான். யாஷிமா, ஹட்சுசே என்ற போர்க்கப்பல்களும், அசாமா, டோக்கிவா, இசுமோ, இவாட்டே என்ற கவசக் கப்பல்களும் இங்கே பிறந்து, சுழல் பாலத்தின் பக்கத்து வழியில் ஊர்ந்து கடலுக்குப் போனவை. முதல் இரண்டும் 1904 மே 15 அன்று ஒரே நாளில் கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கின. மற்ற நான்கும் 1905 மே மாதம் சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படையை அழித்த போரில் பங்கெடுத்தன. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசை வென்ற அந்தச் செய்தி இந்தியாவெங்கும் தேசியவாதிகளை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த ஆசிய வெற்றிக்கான கப்பல்களில் சில பிரிட்டிஷ் பேரரசின் ஆயுத முதலாளி ஒருவரின் பட்டறையில் உருவானவை என்பதை அன்று கொண்டாடியவர்கள் எத்தனை பேர் யோசித்தார்களோ. ஆம்ஸ்ட்ராங்குக்குக் கொள்கை எதிரிகள் கிடையாது, வாடிக்கையாளர்கள் மட்டுமே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவரது பீரங்கிகள் இரு தரப்பிலும் இருந்தன. அதே மனிதர் தன் ஊருக்குப் பூங்காக்களைக் கொடுத்தார்; தன் கிராக்சைட் மாளிகையில் நீர்மின்சாரத்தால் விளக்கேற்றினார். பாலத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கின் இரு பக்கங்களையும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றைத் திறந்துவிட்ட பாலமே நாளடைவில் ஆற்றுக்கு எல்லையும் ஆயிற்று. போர்க்கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. நூறடி வழி போதவில்லை. முதல் உலகப் போருக்குச் சற்று முன் நிறுவனம், பாலத்துக்குக் கீழே கடலை நோக்கிய பக்கத்தில் வாக்கர் என்ற இடத்தில் புதிய தளம் அமைத்தது. போருக்குப் பின் எல்ஸ்விக் கப்பல் தளம் மூடப்பட்டது.

சாலையும் பொறுமை இழந்தது. 1928 அக்டோபர் 10 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் புதிய டைன் பாலத்தைத் திறந்துவைத்தார். வானவில் போல வளைந்த எஃகுப் பாலம். கட்டிய டார்மன் லாங் நிறுவனம்தான் சிட்னி துறைமுகப் பாலத்தையும் கட்டியது. உயரத்தில் போகும் அந்தப் பாலத்தில் சுங்கமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. மோட்டார் வண்டிக்கு மேடு ஒரு பொருட்டும் இல்லை. கிரேட் நார்த் ரோடு அங்கே இடம் மாறியது. கீழே சுழல் பாலம் உள்ளூர்ச் சாலையைச் சுமந்துகொண்டு தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. 1980-ல் டன்ஸ்டன் துறைமேடையும் மூடப்பட்டது. மேலே போக வேண்டிய கப்பல்கள் இல்லாமல் போயின. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் திரும்பிய பாலம், எப்போதாவது ஒரு படகுக்காக, இயந்திரம் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு சோதனைக்காக என்று திரும்பும் நிலைக்கு வந்தது.

2001-ல் சற்றுத் தள்ளி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று கேட்ஸ்ஹெட் மில்லினியம் பாலம் திறந்தது. கண் இமை திறப்பது போலச் சாய்ந்து எழுந்து கப்பலுக்கு வழிவிடும் பாலம். அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. வழிவிடும் கலை அந்த ஊருக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கலையின் மூத்த உதாரணம் 2019-க்குப் பின் பல ஆண்டுகள் திரும்பாமலே கிடந்தது. வண்டிகள் அதன் மீது போய்க்கொண்டிருந்தன. நின்றது இயந்திரம்தான்.

சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட சின்னம். இங்கிலாந்தின் வரிசையில் இரண்டாம் தரத்தின் நட்சத்திர வகை. யாரும் அதை நினைத்த நேரத்தில் இடித்துவிட முடியாது. உரிமையாளர் பழைய ஆணையத்தின் வாரிசான டைன் துறைமுக நிர்வாகம். சட்டம் இடிப்பதைத் தடுக்கும். ஆனால் இயக்கச் சொல்லுமா? இங்கேதான் சிக்கல். கோயிலோ கோட்டையோ சும்மா நின்றாலே சின்னம்தான். இயந்திரம் அப்படி அல்ல. ஓடும் கிணற்று ராட்டினத்தைவிட ஓடாத ராட்டினம் சீக்கிரம் கெடும். முத்திரை வளையங்கள் காய்கின்றன, வால்வுகள் இறுகுகின்றன, நீருக்குள் நிற்கும் மரத்தூண்கள் உளுக்கின்றன. அவற்றோடு, காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் மனிதர்கள் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவர்கள் கைப்பழக்கத்தை எந்த வரைபடத்திலும் எழுதிவைக்க முடியாது.

மறுபக்கத்து வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எந்தக் கப்பலும் வராத ஆற்றில் பாலம் திரும்புவது யாருக்காக? துறைமுகம் வணிக அமைப்பு. பாலத்தைத் திருப்பினால் அதற்கு ஒரு பைசா வருமானமும் இல்லை, சாலை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். வேடிக்கைக்காக ஆயிரம் டன் இரும்பைச் சுற்றுவதற்குப் பொதுப்பணம் ஏன் என்று வரி கட்டுபவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்வதில் பயன் இல்லை. நிதானமான பதில் ஒன்று உண்டு. நீரின் அழுத்தத்தைச் சேமித்து வேலை வாங்கும் முறை எப்படி இருந்தது என்று பிறந்த இடத்திலேயே, அசல் இயந்திரத்தில், வேலை செய்யும்போதே பார்க்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களில்தான் மிச்சம் இருக்கிறது. புத்தகத்தில் படிப்பதும் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பதும் அதற்கு ஈடாகாது. திரும்பாத சுழல் பாலம் சாதாரணப் பாலம். அதிலும் குறுகலான, தாழ்வான, பழைய பாலம்.

இந்த விவாதத்தில் இந்தியர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. சுழல் பாலத்தைத் தாண்டிப் போக முடியாமல் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிய அதே வாக்கர் தளத்தில், 1945 செப்டம்பர் 22 அன்று 'ஹெர்குலிஸ்' என்ற விமானம் தாங்கிக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டதால் வேலை பாதியில் நின்றது. 1957-ல் இந்தியா அதை வாங்கியது. பெல்ஃபாஸ்டில் முடிக்கப்பட்டு, 1961 மார்ச் 4 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. பெயர் ஐ.என்.எஸ். விக்ராந்த். 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்று சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தன் விமானங்களால் தாக்கிய கப்பல். டைன் ஆற்றின் பிள்ளை.

1997 ஜனவரி 31 அன்று விக்ராந்த் ஓய்வு பெற்றது. மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகக் கப்பலாக நின்றது. பள்ளிக் குழந்தைகள் வரிசையில் வந்து பார்த்தார்கள். பிறகு அடிப்பகுதி அரித்தது. பராமரிக்கப் பணம் இல்லை என்று மகாராஷ்டிர அரசு கைவிரித்தது. 2012-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். காப்பாற்றக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போன கப்பலை 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் ஒரு பகுதி 2016-ல் மோட்டார் சைக்கிள்களாக விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் பெருமையோடுதான் வாங்கினார்கள். ஆனால் பெட்ரோல் டாங்கில் இருக்கும் உலோகத்தைத் தட்டி ஒரு குழந்தைக்கு 1971-ஐ எப்படி விளக்குவது?

விக்ராந்தை ஒரே நாளில் யாரும் கொல்லவில்லை. எல்லோரும் மதித்தார்கள். பெயரைக்கூடக் காப்பாற்றிவிட்டார்கள்: 2022 செப்டம்பர் 2 முதல், கொச்சியில் கட்டிய புதிய கப்பல் அதே பெயரில் ஓடுகிறது. பழைய கப்பலுக்குத்தான் ஆண்டுதோறும் சுரண்டி, வண்ணம் பூசி, தகடு மாற்ற ஒரு நிரந்தர நிதி கிடைக்கவில்லை. பாலத்துக்கும் கப்பலுக்கும் ஆபத்து இப்படித்தான் வருகிறது. இடிக்கும் உத்தரவோடு அல்ல. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைக்கப்படும் ஒரு சிறிய செலவுப் பட்டியலோடு.

நியூகாசிலுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. இயந்திரம் அதன் கிணற்றுக்குள்ளேயே இருக்கிறது, உச்சியில் கூண்டு இருக்கிறது. ஆண்டுக்கு ஆறாயிரம் முறை வேண்டாம். முன்கூட்டி அறிவித்து, சாலையை அரைமணி நேரம் நிறுத்தி, ஆண்டில் சில நாட்கள் திருப்பினால் போதும். அந்த அரைமணியில் வண்டியோட்டிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். 1876-லிருந்து அந்த ஊரில் மூன்று நான்கு தலைமுறைகள் அப்படி நின்று முணுமுணுத்துத்தான் கப்பலுக்கு வழிவிட்டிருக்கின்றன.